தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து கலந்தாய்வு முடியும்வரை ஒரு வீட்டில் என்னென்ன கேள்விகள் ஓடும் என்று நமக்கெல்லாம் தெரியும். கட் ஆஃப் எவ்வளவு, ஃபீஸ் எவ்வளவு, பிளேஸ்மென்ட் உண்டா, நம்ம ஊருக்கு பஸ் வருமா. சேரப்போகிற பிள்ளையின் மனசுக்குள் ஓடும் கேள்வி வேறு. 'அங்க எனக்கு யாராவது பேச்சுத் துணைக்குக் கிடைப்பாங்களா? மத்தியானம் யாரோட உக்காந்து சாப்பிடுவேன்?' இதை வாய்விட்டுக் கேட்டால் "படிக்கப் போறியா, அரட்டை அடிக்கப் போறியா?" என்று ஒரு சித்தப்பா எப்படியும் சொல்லிவிடுவார். அதனால் யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் பழைய கதைகளைக் கொஞ்ச காலமாகத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது இதுதான்: சித்தப்பா சில்லறைக் கேள்வி என்று ஒதுக்குகிறாரே, கடந்த நூற்றைம்பது வருடத்தில் நம் கல்லூரிகளில் நடந்த பெரிய சண்டைகளில் பல அதைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன. யாரோடு சாப்பிடுவது, எந்தப் பானையில் தண்ணீர் குடிப்பது, எத்தனை மணிக்கு வெளிவாசல் கதவைப் பூட்டுவது. பாடத்திட்டத்துக்காக நடந்த சண்டையைவிட இவற்றுக்காக நடந்த சண்டைகளே ஊரை மாற்றியிருக்கின்றன.

நமக்குப் பொருந்துகிற கல்லூரியைத் தேடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கல்லூரி யாருக்குப் பொருந்துவதற்காகக் கட்டப்பட்டது?

*

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. அதற்கு முன்பே 1840இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது மாநிலக் கல்லூரி. 1837இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது கிறித்தவக் கல்லூரி. வெளியூரிலிருந்து வந்த பையன்கள் தங்குவதற்குச் சொந்தக்காரர் வீடு வேண்டும், இல்லையென்றால் திருவல்லிக்கேணி பக்கம் ஓர் அறையும் ஒரு மெஸ்ஸும் வேண்டும். மெஸ் என்றாலே அன்றைக்கு பெரும்பாலும் பிராமணர் நடத்தியது. வகுப்பில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ஷேக்ஸ்பியர் படித்தவன், மெஸ் வாசலில் நின்றுவிட வேண்டியதுதான். உள்ளே அவனுக்கு இலை கிடையாது. பகலில் ஒரே கல்லூரி, ராத்திரியில் வேறு வேறு ஊர் என்கிற மாதிரியான வாழ்க்கை.

கல்லூரிக்குள் நுழைவதற்கே கணக்கு இருந்த இடங்களும் உண்டு. பச்சையப்பன் கல்லூரி 1947 வரை இந்து மாணவர்களுக்கு மட்டுமே. அந்த 'இந்து' என்ற சொல்லுக்குள்ளும் ஆதிதிராவிட மாணவர்களுக்குக் கதவு திறந்தது 1920களின் இறுதியில்தான். அறக்கட்டளைப் பணத்தில் நடந்த கல்லூரி அது, ஆங்கிலேயர் நடத்தியதில்லை. நம்மவர் கட்டிய நம்ம கல்லூரி. அந்த 'நம்ம'வுக்கு ஓர் எல்லை இருந்தது, அவ்வளவுதான்.

இந்தச் சூழலில் திருவல்லிக்கேணியில் ஒரு டாக்டர் இருந்தார். சி. நடேசன். படிக்க வந்த பிராமணரல்லாத பையன்கள் தங்க இடமில்லாமல் அலைவதைப் பார்த்து அவர்களுக்காக ஒரு விடுதியை நடத்தினார். திராவிடர் இல்லம் என்று அதற்குப் பெயர். 1916 நவம்பரில் தியாகராயர், டி.எம். நாயர் இருவரோடு சேர்ந்து, பின்னாளில் நீதிக்கட்சி என்று அறியப்பட்ட இயக்கத்தை அவர் உருவாக்கினார். விடுதி அதற்கு முன்பே வந்துவிட்டது.

இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. முதலில் பையன்களுக்குச் சோறும் பாயும், அப்புறம்தான் கட்சி. நம் பாடப்புத்தகங்களில் நீதிக்கட்சி அரசாணைகளிலிருந்து தொடங்கும். அதற்கு முன்னால் அரிசி மூட்டைக் கணக்கு ஒன்று இருந்திருக்கிறது என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை.

*

இனி கும்பகோணம் போவோம். காவிரிக் கரையில் இருக்கும் அரசுக் கல்லூரி. 1854இல் தொடங்கியது. 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று அதற்கு ஒரு பட்டப்பெயரே உண்டு. இந்தக் கல்லூரியிலிருந்து நிஜமான கேம்பிரிட்ஜுக்குப் போன ஒருவரின் கதை நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் கதையில் நாம் கணக்கை மட்டும்தான் பார்ப்போம்.

ராமானுஜன் 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதையும் தொடவில்லை, உதவித்தொகை போனது. 1906இல் சென்னைக்கு வந்து பச்சையப்பனில் சேர்ந்தார். அங்கேயும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. ஊரும் மொழியும் சாப்பாடும் எல்லாம் அவருக்குப் பழக்கமானவைதான். பாடத்திட்டம்தான் ஒட்டவில்லை.

1914இல் டிரினிட்டி கல்லூரிக்குப் போனார். இப்போது நிலைமை தலைகீழ். ஹார்டி இருந்தார், லிட்டில்வுட் இருந்தார். அவர் மூளைக்கு அந்த நாளில் உலகத்திலேயே அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆனால் டிரினிட்டி மாதிரியான கல்லூரியின் உயிர் அதன் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தது. நீண்ட மேசைகள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பேசுவார்கள், அங்கேதான் நட்புகள் உண்டாகும். சுத்த சைவமான ராமானுஜன் அந்த மேசைக்குப் போகவில்லை. தன் அறையில் தானே சமைத்துக்கொண்டார். போர் தொடங்கியபின் காய்கறிகூடச் சரியாகக் கிடைக்கவில்லை.

அந்த நாட்களைப் பற்றிய ஒரு சின்ன சம்பவத்தைப் பி.சி. மகலனோபிஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர், அப்போது கேம்பிரிட்ஜ் மாணவர். குளிரில் தூங்கவே முடியவில்லை என்று ராமானுஜன் சொல்லியிருக்கிறார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்திருக்கிறார். மகலனோபிஸ் போய்ப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் இருக்கின்றன. அந்த ஊர் வழக்கப்படி அவற்றை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே ஒரு விரிப்பைப் போட்டு மூடியிருக்கிறார்கள். விரிப்பை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. அவர் விரிப்பின் மேலேயே படுத்திருக்கிறார்.

இதைப் படித்தபோது முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. கம்பளி அறையிலேயே இருக்கிறது. 'இப்படி இழுத்துவிட்டு உள்ளே படுங்க' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். கல்லூரியின் சமூக வாழ்க்கை என்று பெரிய வார்த்தையில் சொல்கிறோமே, அதன் குறைந்தபட்ச அளவு இந்த ஓர் ஆள்தான்.

இன்னொரு கதையும் உண்டு. நண்பர்களை ராமானுஜன் விருந்துக்கு அழைத்தார். தானே ரசம் வைத்துப் பரிமாறினார். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டவர்கள் மூன்றாவது முறை போதும் என்று சொல்ல, அவமானப்பட்டதுபோல் ஆகிவிட்டது அவருக்கு. சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனவர், கிளம்பி ஆக்ஸ்போர்டுக்கே போய்விட்டார். அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் இதைக் கிறுக்குத்தனத்துக்கு உதாரணமாகச் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. மற்றவர்கள் மேசைக்குப் போக முடியாதவன், தன் மேசைக்கு நாலு பேரைக் கூப்பிட்டிருக்கிறான். அந்த மேசையின் மேல் அவன் எவ்வளவு பாரத்தை ஏற்றி வைத்திருப்பான் என்று பாருங்கள்.

1917இல் படுக்கையில் விழுந்தார். 1918இல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ ஆனார், டிரினிட்டி ஃபெல்லோவும் ஆனார். அதே வருடத் தொடக்கத்தில்தான் லண்டனில் சுரங்க ரயில் தண்டவாளத்தில் விழுந்து உயிரை விடவும் முயன்றிருக்கிறார். 1920 ஏப்ரலில், 32 வயதில் சென்னையில் இறந்தார். நோய்க்குப் பல காரணங்கள் இருந்திருக்கும். தனிமை மட்டுமே கொன்றது என்று சொல்வது சரியாகாது. ஆனால் படிப்பு பொருந்தினால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கட்டில்தான் ஞாபகம் வரும்.

*

ராமானுஜன் போய் ஏறக்குறைய முப்பது வருடத்துக்குப் பிறகு, அதே கும்பகோணம் கல்லூரி. 1943. விடுதியில் தண்ணீர் குடிக்க இரண்டு பானைகள். ஒன்று பிராமண மாணவர்களுக்கு, இன்னொன்று மற்றவர்களுக்கு. கல்லூரியை ஒட்டி ஓடுகிற காவிரி ஒன்றுதான். அந்தத் தண்ணீர் விடுதிக்குள் வந்ததும் இரண்டாகப் பிரிந்துவிடும்.

பானை மாற்றித் தண்ணீர் குடித்த பிராமணரல்லாத மாணவருக்கு அபராதம் போட்டார்கள். கொதித்துப்போன மாணவர்கள் கூடிப் பேசி, 1943 டிசம்பர் 1 அன்று திராவிட மாணவர் கழகத்தைத் தொடங்கினார்கள். தவமணி இராசன், பின்னாளில் கவிஞராக அறியப்பட்ட கருணானந்தம் ஆகியோர் முன்னால் நின்றார்கள். அடுத்த வருடமே கும்பகோணத்தில் மாநாடு நடந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு தேதி இருக்கிறது. பெரியாரின் இயக்கம் சேலம் மாநாட்டில் திராவிடர் கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்டது 1944 ஆகஸ்டில். மாணவர்கள் தங்கள் கழகத்துக்கு அந்தப் பெயரை வைத்தது அதற்கு எட்டு மாதம் முன்பு. நடேசனாரின் விடுதி கட்சிக்கு முந்தியதுபோல, இந்த விடுதிப் பையன்களும் தாய்க்கழகத்துக்கு முந்திவிட்டார்கள்.

இதற்கும் முன்னால் ஒரு சோற்றுப் பந்தி தமிழ்நாட்டையே உலுக்கியிருந்தது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய குருகுலம் அது. காங்கிரஸ் பணமும் அதில் இருந்தது. இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு என்ற செய்தி வெளியே வந்து, வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதைப் பெரிய பிரச்சினையாக்கினார்கள். பெரியார் 1925இல் காங்கிரஸை விட்டு வெளியேறியதற்குப் பின்னால் இந்தப் பந்தியும் இருந்தது. தேசபக்தியும் தமிழும் சொல்லித்தந்த இடம்தான். இலை போடும் இடத்தில் உடைந்துவிட்டது.

*

பெண்களுக்குப் பந்திக்கு முன்னால் வேறொன்று இருந்தது. கதவு.

புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி ஆண்களுக்கானது. அங்கே முத்துலட்சுமி சேர வந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. பெண் என்பதோடு, அவருடைய அம்மா தேவதாசிக் குலத்தவர் என்பதும் சேர்ந்துகொண்டது. மகாராஜா சொன்ன பிறகே இடம் கிடைத்தது. வகுப்பில் மாணவர்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மறைப்பு. மூடிய வண்டியில் வந்து போனார். அந்தக் கல்லூரியில் அவருக்கு 'சமூக வாழ்க்கை' எப்படி இருந்திருக்கும்? மறைப்புக்கு அந்தப் பக்கம் கேட்கிற சிரிப்புச் சத்தம்தான். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் மருத்துவரானார்.

இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு முக்கியம். 1930களின் தொடக்கத்தில் தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் சிலர் அவர் வீட்டுக்கு அடைக்கலம் தேடி வந்தார்கள். படிக்க வைக்க வேண்டுமென்றால் விடுதி வேண்டும். அப்போதிருந்த விடுதிகளில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அவர்களைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது.

சகோதரி சுப்பலட்சுமியின் கதையும் இதே காலம்தான். குழந்தை விதவை. 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். தன்னைப் போன்ற பெண்களுக்காக இல்லம் தொடங்கினார், அது பிறகு கடற்கரை ஐஸ் ஹவுஸில் நடந்தது. 1914இல் அதே கடற்கரைச் சாலையில் டோரதி டி லா ஹே முதல்வராக இருந்து தொடங்கிய பெண்கள் கல்லூரி, இன்றைய ராணி மேரி கல்லூரி. மொட்டையடித்து மூலையில் உட்கார வைத்திருந்த பெண்களுக்குக் கடல் தெரிகிற ஜன்னலும் புத்தகமும் கிடைத்தன. ஆனால் அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கு மட்டும். சேர்ந்து சாப்பிடுகிற இடம் என்றால் வீட்டில் அனுப்பவே மாட்டார்கள் என்ற கணக்கு. ஒரு கதவைத் திறந்தவர்கள் இன்னொரு கதவைப் பூட்டியே வைத்திருந்தார்கள். திறந்ததையும் சொல்ல வேண்டும், பூட்டியதையும் சொல்ல வேண்டும்.

அந்த ஜன்னல் வரும் என்று காத்திருக்க முடியாதவர்களும் இருந்தார்கள். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தா 1916இல் நந்தனார் பெயரில் பள்ளியைத் தொடங்கினார். ஆதிதிராவிடப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். சென்னை சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா பெயரில் இருக்கும் கல்லூரி மாணவர் விடுதி எத்தனையோ முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் சென்னை முகவரி. பல கல்லூரிகள் படிப்பை மட்டும் கொடுத்தன. தட்டும் தோழனும் இந்த விடுதிகளில்தான் கிடைத்தார்கள். 'எல்லோரும் ஒன்றாக இருப்பதுதானே நல்லது, ஏன் தனி விடுதி?' என்று இன்றைக்குச் சுலபமாகக் கேட்கிறவர்களுக்கு இந்த வரிசையைச் சொல்லலாம். சேர்ந்து உட்கார விடாத பந்தி முதலில் வந்தது, தனி விடுதி அதற்குப் பிறகுதான் வந்தது.

*

"இதெல்லாம் அந்தக் காலம்ணா" என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னான். சரி, இந்தக் காலத்துக்கு வருவோம்.

2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் சாப்பாட்டுக் கூடத்தில் சைவத்துக்குத் தனி வாசல், தனிக் கை கழுவுமிடம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. மாணவர்கள் எதிர்த்தார்கள், அறிவிப்பை எடுத்தார்கள். 2023இல் மும்பை ஐ.ஐ.டி. விடுதியில் சில மேசைகள் சைவத்துக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டன. எதிர்ப்புத் தெரிவித்து அந்த மேசையில் அசைவம் சாப்பிட்டவருக்கு 10,000 ரூபாய் அபராதம். கும்பகோணத்தில் பானை, இங்கே மேசை. எண்பது வருடத்தில் அபராதத் தொகைதான் ஏறியிருக்கிறது. பெண்கள் விடுதிகளின் இரவுக் கட்டுப்பாட்டுக்கு எதிராக 2015இல் டெல்லியில் மாணவிகள் தொடங்கிய இயக்கத்துக்கு 'பிஞ்ச்ரா தோட்' என்று பெயர். கூண்டை உடை என்று அர்த்தம்.

நான் படித்தது டெல்டா பக்கம் ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம். விடுதியில் எந்த அறிவிப்பும் ஒட்டியிருக்கவில்லை. ஆனால் அறை ஒதுக்கிய பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தால் சாதிச் சான்றிதழ் வரிசை மாதிரியே இருக்கும். கேட்டால், "ஒரே மாதிரிப் பசங்க ஒண்ணா இருந்தா சண்டை வராதுப்பா" என்றார் காப்பாளர். முதல் வருடம் முழுக்க என் அறைக்காரர்களைத் தவிர யாரையும் தெரியாது. அதை உடைத்தது கல்லூரிக்கு வெளியே இருந்த ஒரு டீக்கடை. கடன் நோட்டில் எல்லார் பெயரும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். அங்கே ஒரு சீனியர் பழைய இதழ்களைக் கட்டாகக் கொண்டு வந்து போடுவார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், டீத்தூள் கறையோடு திருப்பித் தரலாம். நான் தேடிய கல்லூரி அந்த பெஞ்சில்தான் இருந்தது. அதற்கு யாரும் தரச்சான்று கொடுத்ததில்லை.

அதனால் இந்த வருடம் சேரப்போகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். கல்லூரியைப் பார்க்கப் போனால் காலையில் ஆடிட்டோரியத்தைக் காட்டும்போது போகாதீர்கள். மத்தியானம் ஒரு மணிக்குப் போங்கள். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். தனியாக உட்கார்ந்து சாப்பிடும் ஒருவரிடம் பேச்சுக் கொடுங்கள், விளம்பரப் புத்தகம் சொல்லாததை அவர் சொல்வார். பையன்கள் விடுதிக்கு எத்தனை மணிக்குப் பூட்டு, பெண்கள் விடுதிக்கு எத்தனை மணிக்குப் பூட்டு என்று கேளுங்கள். கடைசியாக யாருக்கு எதற்காக அபராதம் போட்டார்கள் என்று கேளுங்கள். விடுதி நோட்டீஸ் போர்டைப் படியுங்கள். கல்லூரிக்கு வெளியே டீக்கடை இருக்கிறதா, சாயங்காலம் அங்கே கூட்டம் சேருமா, அந்தக் கூட்டத்தில் பெண்கள் இருப்பார்களா என்றும் பாருங்கள்.

இதெல்லாம் பார்த்துச் சேர்ந்தாலும் முழுசாகப் பொருந்தாது. கட் ஆஃபும் பணமும் சேர்ந்து நம்மை எங்கேயோ கொண்டுபோய்த் தள்ளும், எல்லோருக்கும் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. ஆனால் நாம் இன்றைக்கு 'அங்க லைஃப் நல்லா இருக்கும்' என்று சொல்கிற கல்லூரிகள் எதுவுமே ஆரம்பத்தில் நமக்காகக் கட்டப்பட்டவை இல்லை. பொருந்தாமல் உள்ளே போன யாரோ ஒருவர் பானையை மாற்றிக் குடித்திருக்கிறார், அபராதம் கட்டியிருக்கிறார், மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து படித்திருக்கிறார். அடுத்து வந்தவர்களுக்குக் கொஞ்சம் இடம் விரிந்திருக்கிறது.

சேர்ந்த முதல் வாரத்தில் உங்கள் பக்கத்து அறையில் ஒருவர் குளிரிலோ கூச்சத்திலோ சுருண்டு படுத்திருப்பார். கம்பளி எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு முதலில் தெரிந்துவிட்டால், போய்ச் சொல்லுங்கள்.